உயிர்த்தொகை இயக்கவியல்: தமிழகத்தில் அதன் வரலாறு

ஓர் இடத்தில் வாழும் உயிரினத்தின் எண்ணிக்கை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, ஓர் இனம் இன்னொன்றைத் தின்றாலோ அதனோடு போட்டியிட்டாலோ துணை நின்றாலோ இரண்டின் எண்ணிக்கையும் எப்படி மாறும் என்பவற்றைச் சமன்பாடுகளால் விளக்க முயலும் துறை உயிர்த்தொகை இயக்கவியல். பாடநூல்களில் இதன் வரலாறு ஐரோப்பாவில் தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் இத்துறை கணக்குப் போட்டுக் காட்டிய நிகழ்வுகள் சில, கணக்கு பிறப்பதற்கு முன்பே தமிழகத்தில் நடந்து முடிந்திருந்தன. பழைய செங்கல்பட்டு மாவட்டம், அதாவது உத்திரமேரூர், மதுராந்தகம் முதல் சைதாப்பேட்டை வரையிலான ஏரிப்பாசன நாடு, அவற்றில் பலவற்றுக்குக் களம்.

கணக்கின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டுப்பாடில்லாத தொகை மடங்கு மடங்காகப் பெருகும் என்று மால்தஸ் 1798இல் எழுதினார். பின்னாளில் அவர் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். இடமும் உணவும் வரம்பிடுவதால் வளர்ச்சிக்கோடு மேலே போய்த் தட்டையாகும் என்று பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் காட்டினார். அப்போது அதைக் கண்டுகொண்டவர் அரிது. 1920இல் பேர்ல், ரீட் இருவரும் அமெரிக்காவில் அதே கோட்டை மறுபடி வரைந்த பிறகே அது பரவியது.

அதற்குள் தமிழகத்தில் சப்பாத்திக்கள்ளியின் கதை பாதி நடந்துவிட்டது. கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதைத் தின்னும் கொச்சினீல் பூச்சியிலிருந்துதான் பட்டாளத்துச் சட்டைக்குச் செஞ்சாயம் எடுத்தார்கள். அந்தச் சாயத்தின் வாணிகம் ஸ்பெயினின் கையில் இருந்தது. அதை உடைக்க விரும்பிய கம்பெனிக்காக, மதராஸ் மருத்துவ அதிகாரி ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கொச்சினீல் பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது சாயம் தரும் நல்ல வகை அன்று, தரங்குறைந்த காட்டு வகை. சாயத்தொழில் தேறவில்லை. பூச்சியோ தேறியது. வட இந்தியாவில் காடாய் மண்டியிருந்த ஒருவகைக் கள்ளியைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்தது.

இதைக் கண்டவர்கள் 1836க்கும் 1838க்கும் இடையில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்கு, இந்த முறை கள்ளியை அழிப்பதற்கென்றே, கொண்டுவந்தார்கள். ஒரு களையைக் கொல்ல ஒரு பூச்சியைத் தெரிந்தே ஏவிய முதல் முயற்சியாக அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். 1860களில் பூச்சி இலங்கைக்கும் போனது. ஆனால் தென்னகத்தின் வேலிகளிலும் புறம்போக்குகளிலும் மிகுதியாக நின்ற கள்ளி வேறு இனம். அதை இந்தப் பூச்சி தொடவே இல்லை. ஒரே பெயரில் ஊரார் அழைத்த இரண்டு செடிகளில் ஒன்று மறைந்தது, மற்றது பரவியது. 1926இல் வேறொரு கொச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து வரவழைத்த பிறகுதான் இரண்டாவது கள்ளியும் அடங்கியது. எது எதைத் தின்னும் என்பதில் ஒரு சிறு பிழை இருந்தாலும் மற்றக் கணக்கெல்லாம் வீண் என்பதைக் கணித மாதிரிகளை எழுதியவர்கள் பின்னர்தான் உணர்ந்தார்கள்.

கதை கடலையும் கடந்தது. குவின்ஸ்லாந்தைக் கள்ளி விழுங்கிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து புறப்பட்ட ஆய்வுக்குழு ஒன்று 1912 முதல் 1914 வரை இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளைச் சுற்றிவந்தது. இலங்கையிலிருந்து கொண்டுபோன கொச்சினீல் ஆஸ்திரேலியாவில் ஒரு கள்ளி இனத்தை ஒழித்தது. மீதியில் பெரும்பகுதியை 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுபோன அந்துப்பூச்சி முடித்தது. ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர் நிக்கல்சன் உயிர்த்தொகை பற்றிய தம் கோட்பாட்டை விளக்க இந்தக் கள்ளியையும் அந்துப்பூச்சியையும் எடுத்தாண்டார். அவரும் இயற்பியலாளர் பெய்லியும் 1935இல் வெளியிட்ட ஒட்டுண்ணிக் கணித மாதிரி ஒரு விசித்திரத்தைக் காட்டியது: ஏற்ற இறக்கம் தலைமுறைக்குத் தலைமுறை பெரிதாகி, கடைசியில் இரு இனமும் அழியும். வயல்வெளியில் அப்படி நடப்பதில்லை. ஓரிடத்தில் கள்ளி தீர்ந்தால் பூச்சியும் அங்கே தீர்கிறது. வேறோர் இடத்தில் தப்பிய துண்டு துளிர்க்கிறது, பூச்சி அதைத் தேடிச் சேரக் காலம் பிடிக்கிறது. நிலப்பரப்பு திட்டுத்திட்டாக இருப்பதே இரண்டையும் காப்பாற்றுகிறது.

இரண்டாவது கள்ளிப்பூச்சி தமிழகம் வந்த அதே 1926இல் இத்தாலியக் கணிதர் வோல்டெரா, இன்று இத்துறையில் எல்லோரும் முதலில் படிக்கும் சமன்பாடுகளை வெளியிட்டார். அமெரிக்காவில் லோட்கா 1925இலேயே அவற்றை எழுதியிருந்தார். வோல்டெராவுக்குக் கேள்வியைக் கொடுத்தவர் மருமகன் டாங்கோனா. முதல் உலகப்போரில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தபோது, சந்தைக்கு வந்த மீனில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்தது. ஏன்? வோல்டெராவின் விடை எதிர்பாராதது. இரையின் சராசரி இருப்பைத் தீர்மானிப்பது இரை பெருகும் வேகம் அன்று, இரைகொல்லி சாகும் வேகம். இரண்டையும் சேர்த்துக் கொன்றால் இரை கூடும், இரைகொல்லி குறையும். கொல்வதை நிறுத்தினால் தலைகீழ்.

இந்த ஒரு வரிக்கு நெல்வயல் போல வேறெதுவும் சான்று சொல்லவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. புகையான் நெல்லில் மட்டுமே வாழும் தத்துப்பூச்சி. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். வயல் வட்டவட்டமாகத் தீய்ந்துபோகும். ஏறத்தாழ 25 நாளில் ஒரு தலைமுறை என்பதால் ஒரு போகத்தில் மூன்று தலைமுறை காணும். முட்டையை இலையுறைக்குள் செருகி வைப்பதால் தெளித்த மருந்து அதைச் சேராது. ஆனால் புகையானைப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் மருந்துக்குத் தப்பாது. முட்டை பொரிந்து வெளிவரும் குஞ்சுகளுக்கு எதிரியில்லாத வயல் காத்திருக்கும். குட்டை ரகங்கள், யூரியா, தொடர் சாகுபடி மூன்றும் சேர்ந்தபின் 1973இல் கேரளத்துக் குட்டநாட்டில் புகையான் பெரும் சேதம் செய்தது. இதே சிக்கலை எதிர்கொண்ட இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையில் தடை செய்தது.

தொடர் சாகுபடியை இங்கும் காணலாம்: உத்திரமேரூர் வட்டாரத்தில் நவரை, சொர்ணவாரி, சம்பா என்று போகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏரித்தண்ணீரை மட்டுமே நம்பிய காலத்தில், நீர் வற்றியதும் நிலம் தரிசாகும். நெல்லில் மட்டுமே வாழும் பூச்சிக்கு அதுவே பட்டினிக்காலம். ஆழ்துளைக் கிணறு வந்தபின் அந்த இடைவெளி சுருங்கியது. மருந்தையும் ரகத்தையும் பற்றி நிறைய எழுதப்படுகிறது, இந்தத் தரிசைப் பற்றி அவ்வளவாக இல்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, வோல்டெராவின் கணக்கை உழவர் கையில் கொடுத்தது போன்றது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே மருந்தடிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரும்வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தியின் மதிப்பு அந்த வித்தியாசத்தில் அடங்கிவிட்டது. மறுபெருக்கத்தைத் தூண்டும் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தவிர்க்கவும், தழைச்சத்தை அளவோடு இடவும், நடவில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விடவும், வயல்நீரை வடிக்கவும் அது சொல்கிறது. கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் மருந்தை அடிக்கிற வழக்கம் மட்டும் இந்த அட்டவணையோடு இன்னும் ஒத்துப்போகவில்லை.

இரை, இரைகொல்லி உறவைத் தவிர, இரு இனமும் பயன்பெறும் உறவும் இத்துறையில் உண்டு. உத்திரமேரூருக்கு அருகே, இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம். அதனால் ஊரார் பறவையைச் சுடவிடவில்லை. 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். வோல்டெரா பாணிச் சமன்பாட்டில் இத்தகைய உறவை எழுதினால் வேடிக்கையான விடை வரும்: இரண்டும் ஒன்றையொன்று வளர்த்து வரம்பின்றிப் பெருகிக்கொண்டே போகும். 1970களில் ராபர்ட் மே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். வேடந்தாங்கலில் வரம்பு ஏரிக்குள்ளும் இருக்கிறது, ஏரிக்கு வெளியிலும் இருக்கிறது. கூடு கட்ட நீரில் நிற்கும் கடம்ப மரங்கள் வேண்டும். மரத்தைச் சுற்றி நீர் நிற்க மழை வேண்டும். குஞ்சுக்கு மீன் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து மற்ற ஏரிகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் வரவேண்டும். சரணாலயத்தின் எல்லையை ஐந்து கிலோமீட்டர் ஆரத்திலிருந்து மூன்றாகக் குறைக்க 2020இல் முன்மொழிவு வந்தபோது எழுந்த எதிர்ப்பின் அறிவியல் அடிப்படை இதுதான். 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

அண்மைக்காலத்தில் கள்ளிக்கதை இருமுறை திரும்ப நடந்தது. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டு, மல்பெரி, மரவள்ளி வரை பரவியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் என்னும் நுண்குளவி அதை அடக்கியது. 2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி வந்தது; அதன் ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வந்தது, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. சைதாப்பேட்டைக் காலத்தோடு ஒப்பிட்டால் ஒன்று மாறியிருக்கிறது. இப்போது குளவியை வெளியே விடுமுன், அது வேறெதையாவது தாக்குமா என்று தனிமைப்படுத்தி வைத்துச் சோதித்த பிறகே அனுமதி கிடைக்கிறது.