ஞாயிற்றுக்கிழமைச் செய்தி

எங்கள் வீட்டில் செய்தி என்றால் அது நான்தான். அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. டிவியில் யாராவது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பேசினால் அப்பா என் தோளைத் தட்டுவார். நான் டிவிக்குப் பக்கத்தில் நின்று கையால் சொல்வேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு புரிந்ததோ, அவர்களுக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

1987இல் தூர்தர்ஷன் காது கேளாதோருக்கான செய்தியைத் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்றைக்கு அம்மா சமையலைச் சீக்கிரம் முடித்துவிடுவாள். அப்பா என்னை விளையாடப் போகச் சொல்வார். அந்தச் சமயத்தில் நான் தேவைப்படவில்லை.

1991 மே 21, செவ்வாய்க்கிழமை இரவு, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். விடிந்தபோது தெருவில் கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. குண்டு வெடித்தது, அவர் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் நின்ற பலரும் செத்துப்போனதைச் சொல்லவில்லை. அம்மா பயப்படுவாள் என்று நானே முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைச் செய்தி முடிந்ததும் அம்மா என் பக்கம் திரும்பி, “உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தலையசைத்தேன். திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எதைச் சொல்லி முடித்தாலும், “இவ்வளவுதானா?” என்று கேட்பாள்.

அவர்கள் படித்த விடுதிப் பள்ளியில் வகுப்பில் கையசைத்தால் அடி விழும். 1880இல் மிலன் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தின் நிழல் எங்கள் ஊர் வரைக்கும் நீண்டிருந்தது. சைகையை அவர்கள் கற்றது இரவில், விடுதியில், மூத்த பிள்ளைகளிடம்தான். 1970களில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் நகரங்களில் மொழியியலாளர்கள் ஆராய்ந்து, ஊருக்கு ஊர் சில சொற்கள் மாறினாலும் இது இலக்கணமுள்ள ஒரு மொழி என்று காட்டினார்கள். டெல்லியிலிருந்து வந்த செய்தியில் அப்பாவுக்கு முதலில் கிழமைப் பெயர்களே பிடிபடவில்லை. சில மாதங்களில் பழகிக்கொண்டார்.

சட்டங்கள் தாமதமாக வந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. சைகை மொழிக்கென்று டெல்லியில் ஓர் ஆய்வு, பயிற்சி மையம் 2015இல் அமைந்தது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வந்து, 2021இல் 10,000 ஆனது. அந்த அகராதியைப் பார்க்க அப்பா இல்லை.

2020 மார்ச் 24, இரவு எட்டு மணி. நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு. அம்மா பார்த்த சேனலில் திரையின் மூலையில் சைகை செய்ய யாரும் இல்லை. வீடியோ காலில் அழைத்தாள். நாற்பது வயது தாண்டியும் நான்தான் செய்தி. இந்த முறை எதையும் மறைக்கவில்லை. அப்படியும், “இவ்வளவுதானா?” என்றாள்.

2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு காணொளி விசாரணையில் கலந்துகொண்டார். அடுத்த மாதம் நீதிமன்றமே அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தது. அந்தச் செய்தியை அம்மாவுக்குக் காட்டினேன். அவள் வழக்கறிஞரைவிட மொழிபெயர்ப்பாளரைத்தான் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: “அவர் அந்தப் பெண்ணுக்கு என்ன உறவு?”