விலையில்லாத உழைப்பின் விலை

மரைன் ஹில் குன்றின்மீது காலை வேளையில் நிற்பவரின் செவிக்கு முதலில் எட்டுவது, கீழே பீனிக்ஸ் விரிகுடாவின் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இரும்பின்மீது விழும் சுத்தியலின் ஓசை. சற்றுத் தொலைவில், பாலத்தால் இணைக்கப்பட்ட சாத்தம் தீவில், 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மர அறுவை ஆலை இருக்கிறது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேர் நகரம், இத்தகைய உழைப்பினால் எழுந்த நகரமாகும். அவ்வுழைப்பில் நம் தமிழரின் பங்கும் சிறிதன்று. உழைப்பவனுடைய உடல்நலத்தைக் காப்பதற்கு ஆகும் செலவு என்ன, காவாமல் விடுவதற்கு ஆகும் செலவு என்ன என்ற கேள்விக்கு இத்தீவின் வரலாறு தெளிவானதொரு விடையைத் தருகிறது. அதனையே இங்கே காண்போம்.

1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள், டாக்டர் ஜே. பி. வாக்கர் என்பாரின் பொறுப்பில் 200 கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டனர். முந்திய ஆண்டின் பெருங்கிளர்ச்சியில் ஈடுபட்டோரை நாடு கடத்தி, அவர்களைக் கொண்டே காட்டைத் திருத்திக் குடியேற்றம் அமைப்பது அரசாங்கத்தின் எண்ணம். கைதிக்குக் கூலி இல்லை; ஆதலால் கட்டடமும் சாலையும் துறைமுகமும் ஏறக்குறைய விலையின்றிக் கிடைக்கும் என்று கணக்கிட்டனர்.

கணக்கு முதற் சில திங்களிலேயே பிழையாயிற்று. முதலில் இறங்கிய சாத்தம் தீவில் நல்ல தண்ணீர் போதவில்லை; ராஸ் தீவுக்கு இடம் பெயர்ந்தனர். அடர்ந்த காட்டில் ஓயாத மழையில் மரம் வெட்டியவர்களைக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் ஆறாத புண்களும் பற்றின. ஜூன் நடுப்பகுதிக்குள் வந்து சேர்ந்த 773 பேரில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் மாண்டனர்; 140 பேர் காட்டுக்குள் ஓடி மீளவில்லை; தப்பியோடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை வாக்கர் தூக்கிலிட்டார். கூலியில்லாத ஆட்களில் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் நூறு நாட்களுக்குள் இல்லாமற்போயினர். அவர்களுடைய இடத்தை நிரப்பப் புதியவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கைதிக்குக் கூலி இல்லையே தவிர, உணவு உண்டு, உடை உண்டு, காவல் உண்டு, கப்பற்செலவு உண்டு. அவன் நோயில் படுத்தாலும் இச்செலவுகள் நிற்பதில்லை. நின்றுபோவது வேலை ஒன்றுதான். இவ்வுண்மையை ஆட்சியாளர் மெல்ல உணர்ந்தனர். 1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் இங்கே வந்த வைசிராய் மேயோ பிரபு, மாலை வேளையில் ஹேரியட் மலைமீது ஏறினார். ஆயிரம் அடிக்கு மேற்பட்ட அந்த மலை, காய்ச்சலால் மெலிந்த கைதிகளுக்கு ஓர் ஆரோக்கிய நிலையம் அமைக்கத் தக்கதா என்று பார்ப்பதே அவர் நோக்கம். இறங்கி வந்து ஹோப்டவுன் துறையில் படகேறும் வேளையில், ஷேர் அலி என்னும் கைதியின் கத்திக்கு அவர் இரையானார். வைசிராய் கொலையுண்ட செய்தியைப் பலரும் அறிவர். அவர் மலையேறிய காரணத்தை அறிந்தோர் சிலரே.

அந்தக் காய்ச்சலின் மூலம் பின்னரே விளங்கிற்று. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்னும் உண்மையை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் நிலைநாட்டினார். அதன்பின் மலேரியா ஆராய்ச்சியில் புகழ்பெற்ற கிறிஸ்டாபர்ஸ் என்னும் மருத்துவர் அந்தமானுக்கு வந்து ஆராய்ந்தார். அவர் எழுதிய அறிக்கை 1912-இல் வெளியாயிற்று. இங்கே நோய் பரப்பும் கொசு உப்பங்கழிச் சதுப்புகளில் முட்டையிடுவது. ஆகவே கடலோரச் சதுப்பை அடுத்த குடியிருப்புகளில் நோய் மிகுந்தும், விலகிய இடங்களில் குறைந்தும் இருக்கிறது என்று அவர் காட்டினார். இதனால் தொழிலாளர் நலம் ஒரு பொறியியற் கணக்காகவும் மாறிற்று. சதுப்பைத் தூர்ப்பதற்கும் கரையிடுவதற்கும் ஆகும் செலவு ஒருமுறை செய்வது; காய்ச்சலால் இழக்கும் வேலைநாட்களோ ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருவன. முதற்செலவுக்குத் தயங்குகிறவன் இரண்டாவதைத் தவணை தவணையாகக் கட்டுகிறான்.

1906-இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறையின் செக்கடியில் வேறொரு கணக்கு நடந்தது. மாடு இழுக்கும் செக்கில் மனிதனைப் பூட்டி, நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டித் தர வேண்டுமென்று விதித்தனர். எண்ணெயின் எடை நாள்தோறும் பதிவாயிற்று. அதனை ஆட்டியவன் உடலில் தேய்ந்த தேய்வுக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை. 1919-20-ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைச்சாலைக் குழு, இத்தீவுக்குக் கைதிகளை அனுப்பும் முறையையே கைவிடுமாறு பரிந்துரைத்தது.

பேரேட்டில் அந்தப் பத்தியைச் சேர்த்ததுதான் நவீனத் தொழிற்சட்டங்களின் அருஞ்செயல். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884-இல் விபத்துக் காப்புறுதியைச் சட்டமாக்கினார். பிரிட்டனில் 1897-இலும், நம் நாட்டில் 1923-இலும் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டங்கள் பிறந்தன. இவற்றின் அடிப்படை எளியது. தொழிலாளியின் கை போனால், கையின் நஷ்டம் தொழிலாளியின் குடும்பத்தின்மீது மட்டும் விழலாகாது. அத்தொழிலின் உற்பத்திச் செலவில் அதுவும் சேர வேண்டும். அவ்வாறு சேர்ந்த பின்னரே, இயந்திரத்துக்குக் காப்புத் தகடு பொருத்துவது முதலாளிக்குத் தருமமாக மட்டுமன்றி, இலாபமாகவும் தோன்றத் தொடங்கிற்று.

நஷ்டஈட்டுத் தொகை மட்டுமே விபத்தின் செலவு அன்று. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹைன்ரிச் என்பார், 1931-இல் வெளியிட்ட நூலில், கண்ணுக்குத் தெரியும் செலவைப்போல் நான்கு மடங்கு கண்ணுக்குத் தெரியாத செலவு உண்டு என்றார். நான்கு என்னும் எண் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது என்பது பின்னர் விளங்கியது. ஆயினும் அவர் சுட்டிய திசை பிழையன்று. மர அறுவை ஆலையில் ஒருவன் விரல் வாளிற் பட்டால், வாள் நிற்கிறது. உடனிருந்தோர் வேலையை விட்டு ஓடிவருகின்றனர். பாதி அறுத்த படாக் மரம் வீணாகிறது. புதியவனுக்குத் தொழில் பழக்க நாளாகிறது. பழகாத அவனோ அடுத்த விபத்துக்கு அருகில் நிற்கிறான்.

சுதந்திர இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சுழலும் இயந்திரங்களுக்கு வேலி கட்டாயமென விதித்தது. அதே ஆண்டில் தொழிலாளர் அரசு இன்சூரன்ஸ் சட்டமும் வந்தது. 2020-இல் நாடாளுமன்றம் இவ்வகைச் சட்டங்களைத் தொகுத்து அமைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளும் இப்போது கணக்கில் வருகின்றன. மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-இல் வகைப்படுத்தியது. ஆண்டுதோறும் ஏறக்குறைய 30 லட்சம் பேர் தொழில் காரணமாக உயிரிழக்கின்றனர் என்றும், அவர்களில் பெரும்பாலோரை மாய்ப்பது விபத்தன்று, நோயே என்றும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2023-இல் மதிப்பிட்டது. உலக உற்பத்தியில் நூற்றுக்கு நான்கு பங்கு இவ்வாறு அழிகிறது என்பதும் அந்த ஸ்தாபனத்தின் மதிப்பீடே.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இவ்வரலாற்றில் தனியொரு பாடம் உண்டு. முதலாளி செலவிடாது விட்ட பணம் மறைந்துபோவதில்லை. அது இடம் மாறுகிறது. தொலைதூர நகரில் சாரத்திலிருந்து விழுந்தவனைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டால், வைத்தியச் செலவு தாயின் நகைமீதும், மகனின் படிப்புமீதும் போய் விழுகிறது. விபத்து நடந்த ஊரின் கணக்கில் அது வருவதே இல்லை. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவனுக்கும் மூலமுதலாளியே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டமே கூறிற்று. விபத்து நடந்த இடத்துக்கு அலையாமல், தாம் வசிக்கும் ஊரின் ஆணையரிடமே உரிமை கோரலாம் என்று 1995-ஆம் ஆண்டின் திருத்தம் வழிவகுத்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அவ்வழியைக் காத்துள்ளது. இவ்விரண்டு செய்திகளையும் புலம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். வேலையில் சேர்ந்த நாளையும் கூலி பெற்ற சான்றையும் பத்திரப்படுத்தி வைப்பது, ஊருக்குப் பணம் அனுப்புவதைப் போன்றே ஒரு குடும்பக் கடமையாகும்.

1858-இல் இக்கரையில் இறங்கியவர்களுக்குத் தம் உழைப்பின் விலையைச் சொல்ல உரிமை இருக்கவில்லை. இன்று அவ்வுரிமை நமக்கு இருக்கிறது. காயத்தின் செலவு, காயம் உண்டாக்கிய தொழிலின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும். எழுதச் சொல்லிக் கேட்பது இரந்து நிற்பதாகாது.