ரைட்டிங்டனுக்குப் போய் வந்தவர்களுக்கு மட்டும்

1960-களின் பிற்பாதியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துத் தாக்ரே கம்பெனியிடம் ஒரு சரக்கு இருந்தது. எவர்சில்வர் தண்டு ஒன்று, அதன் தலையில் சிறு பந்து, அந்தப் பந்து உட்கார வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணம். செயற்கை இடுப்பு மூட்டு. எலும்பு மருத்துவர்கள் பலர் அதற்காகக் காத்திருந்தார்கள். காசைக் கட்டினால் மட்டும் கம்பெனி அதைக் கொடுத்துவிடாது. கேட்கும் மருத்துவர் லங்காஷயரில் விகன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ரைட்டிங்டன் ஆஸ்பத்திரிக்குப் போய், சில நாளாவது அந்த மூட்டை உருவாக்கிய ஜான் சார்ன்லியின் ஆபரேஷன் தியேட்டரில் நின்று பார்த்துப் பழகியிருக்க வேண்டும். சார்ன்லி சம்மதித்தால்தான் பெட்டி கைக்கு வரும்.

விற்கிற பொருளை விற்காதே என்று அதைக் கண்டுபிடித்தவரே சொல்வது வியாபாரத்தில் கேள்விப்படாத சங்கதி. இன்று ஆர்த்தோ படிப்பை முடித்த ஒருவர் மூட்டு மாற்று சிகிச்சைக்கென்று ஓராண்டோ ஈராண்டோ ‘ஃபெலோஷிப்’ போவது சாதாரணம். அந்த வழக்கத்துக்கு ஒரே ஒரு பிறப்பிடம் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் தேர்ந்த கைகளுக்கு மட்டும்தான் இந்த மூட்டு என்ற எண்ணம் அழுத்தமாகப் பதிந்தது ரைட்டிங்டனில்தான். அந்த எண்ணத்தைச் சார்ன்லிக்குக் கற்றுக்கொடுத்தது வெற்றி அல்ல, ஒரு பெரிய தோல்வி.

சார்ன்லி 1911-இல் பரி என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் மருந்துக்கடைக்காரர், தாய் நர்ஸ். மான்செஸ்டரில் மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவப் படையில் இருந்தார். டன்கர்க்கிலிருந்து வீரர்களை மீட்டபோது அங்கே இருந்தவர். பிறகு கெய்ரோ. ஊர் திரும்பியதும் எலும்பு முறிவைக் கத்தி வைக்காமல் கட்டுப்போட்டுச் சேர்ப்பது பற்றி 1950-இல் அவர் எழுதிய புத்தகம் பெரும் பெயர் வாங்கியது. கத்தியே வேண்டாம் என்று எழுதியவர்தான் பிற்பாடு மூட்டையே அறுத்தெடுத்து மாற்றும் வேலைக்கு வந்தார்.

அவரை அந்தப் பக்கம் இழுத்தது ஒரு கிரீச் சத்தம். 1946 முதல் பாரிஸில் ஜூடே சகோதரர்கள் தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு அக்ரிலிக் தலையைப் பொருத்தி வந்தார்கள். அப்படிப் பொருத்திக்கொண்ட நோயாளி ஒருவர் சாப்பாட்டு மேசையில் எதையாவது எடுக்கக் குனிந்தால் இடுப்பு கிரீச்சிடும். மனைவிக்கு அது தாங்காது, எழுந்து போய்விடுவார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சார்ன்லி அதில் உராய்வைக் கண்டார். நல்ல மூட்டில் குருத்தெலும்பு வழுக்கும் வழுக்கலுக்குப் பனிக்கட்டிமேல் பனிக்கட்டி வழுக்குவதுகூட ஈடில்லை. அந்த வழுக்கல் போனதால் சத்தம் வருகிறது, சத்தம் வருகிற மூட்டு எலும்பில் இளகியும் போகும் என்பது அவர் கணக்கு.

வேலைக்கு இடம் தேடியபோது கிடைத்தது ரைட்டிங்டன். 1933-இல் காசநோய்க்காகத் திறந்த ஆஸ்பத்திரி அது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபிறகு காசநோய் வார்டுகள் காலியாகத் தொடங்கின. மான்செஸ்டரின் பெரிய ஆஸ்பத்திரிப் பதவியை விட்டுவிட்டு, நாட்டுப்புறத்தில் பாதி காலியான கட்டடத்துக்குப் போவது அந்த நாளில் யாரும் மெச்சும் முடிவில்லை. அங்கே இடுப்பு மூட்டுக்கென்றே ஒரு மையம் அமைத்தார். பக்கத்திலேயே ஒரு சின்னத் தொழிற்கூடம். அதில் ஹாரி கிரேவன் என்ற டெக்னீஷியன்.

கிண்ணத்துக்கு முதலில் சார்ன்லி தேர்ந்தெடுத்தது டெஃப்லான். அதைவிட வழுக்கும் பிளாஸ்டிக் அன்று இல்லை. எலும்போடு பிடிக்க வைக்க, பல் மருத்துவர்கள் பயன்படுத்திய அக்ரிலிக் சிமென்ட். நடக்க முடியாமல் வந்தவர்கள் வலியில்லாமல் நடந்து வீட்டுக்குப் போனார்கள். 1961 மே மாதம் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. அது அச்சான சில காலத்திலேயே டெஃப்லான் தேயத் தொடங்கிவிட்டது. தேய்ந்த துகள்கள் மூட்டைச் சுற்றிச் சீழ்போலக் கட்டிக்கொண்டன. கிண்ணம் இளகியது, வலி திரும்பியது. ஏறக்குறைய 300 பேர். ஒவ்வொருவரையும் திரும்ப அறுத்து மாற்ற வேண்டியிருந்தது, அந்தச் சுமையைச் சார்ன்லியே சுமந்தார். டெஃப்லான் துகள் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டு, கண்டதை 1963-இல் ‘லான்செட்’டில் எழுதவும் செய்தார்.

தப்பு செய்த பொருளை மாற்றியது சார்ன்லிகூட அல்ல. 1962 மே மாதம் ஒரு விற்பனையாளர் பிளாஸ்டிக் பல்சக்கரங்களோடு தொழிற்கூடத்துக்கு வந்தார். லங்காஷயர் நெசவு ஆலைகளின் தறிகளில் ஓடும் உயர்அடர்த்திப் பாலிஎதிலீன். சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் அதை அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்தது. இது வேலைக்காகாது என்று ஒதுக்கிவிட்டு ஒரு மாநாட்டுக்காகக் கோபன்ஹேகன் போனார். கிரேவன் ஒதுக்கவில்லை. துண்டை எடுத்துத் தேய்மானச் சோதனை எந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடிய பிறகும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்கு அது தேயவில்லை. முதலாளி வேண்டாம் என்றதைச் செய்து பார்த்த ஒரு டெக்னீஷியன் இல்லாவிட்டால் இந்தக் கதை எப்படிப் போயிருக்குமோ! அந்த நவம்பரில் முதல் பாலிஎதிலீன் கிண்ணம் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

சார்ன்லி வாயை மூடிக்கொண்டது இங்கேதான். இந்த முறை சரியான பொருள் கையில் இருந்தும், அதை ஊருக்கெல்லாம் விற்க அவர் அவசரப்படவில்லை. நோயாளிகளை வருடாவருடம் வரவழைத்துப் படம் எடுத்துத் தேய்மானத்தை அளந்தார். இறந்தபின் மூட்டை எடுத்துச் சோதிக்க அனுமதி தருமாறு அவர்களைக் கேட்டுக்கொண்டார். நான்கு முதல் ஏழு ஆண்டு வரையிலான முடிவுகளை விரிவாக வெளியிட்டது 1972-இல்தான். 300 பேரைத் திரும்ப அறுத்த கை அது, அதற்கு அவசரம் பிடிக்காமல் போனது நியாயமே. எனக்கு வந்த தோல்வி இன்னொரு ஊரில், என் பெயரில், பழகாத கையால் நடக்கக்கூடாது என்ற பயத்திலிருந்துதான் ‘வந்து கற்றுக்கொண்டு போ’ என்ற கட்டளை பிறந்தது.

அங்கே வந்தவர்கள் கற்றது என்ன? கத்தி பிடிக்க ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் எல்லோரும். ரைட்டிங்டனில் முதலில் கண்ணில் படுவது அந்தத் தியேட்டரே. அறைக்குள் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் மேலிருந்து வடிகட்டிய காற்று. மருத்துவரும் உதவியாளரும் தலை முதல் கால் வரை மூடிய உடையில் உள்ளே நிற்பார்கள், அவர்கள் விடும் மூச்சை ஒரு குழாய் உறிஞ்சி வெளியே தள்ளும். நோயாளியின் தலையும் மயக்க மருத்துவரும் கூண்டுக்கு வெளியே. இதைச் செய்ய உதவியது ஹோவர்த் என்ற லங்காஷயர் காற்றுப் பொறியியல் கம்பெனி. நூற்றுக்கு ஏழு எட்டு பேருக்கு வந்துகொண்டிருந்த சீழ்த்தொற்று ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. செயற்கை மூட்டில் சீழ் பிடித்தால் மூட்டையே கழற்ற வேண்டிவரும் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

அடுத்தது சிமென்ட். பொடியும் திரவமும் கலந்ததும் கூழாக இருக்கும், கையுறையில் ஒட்டும். சில நிமிடத்தில் ஒட்டாமல் சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில் கட்டைவிரலால் தொடை எலும்பின் குழிக்குள் திணித்து, தண்டைச் செருகி, அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் சூடாகி இறுகிவிடும். தண்டு கோணலாக இறங்கியிருந்தாலும் அந்தக் கோணலோடுதான் இறுகும், அப்புறம் திருத்த முடியாது. அந்தப் பதத்தை எழுதிவைத்துச் சொல்லித்தர முடியாது, தியேட்டர் சூட்டைப் பொறுத்து அது மாறும். இன்னொன்று, இடுப்பைத் திறக்கச் சார்ன்லி தொடை எலும்பின் மேல்முடிச்சை அறுத்து ஒதுக்கிவிட்டு, கடைசியில் கம்பியால் இழுத்துக் கட்டுவார். அந்தக் கம்பி சரியாக நிற்காவிட்டால் நோயாளி நொண்டுவார். பந்தின் விட்டத்தை 22.225 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு என்று அவர் சிறிதாக வைத்ததும் உராய்வுக் கணக்கால்தான். சிறிய பந்து என்பதால் கிண்ணத்தின் கோணம் தவறினால் நழுவிவிடும். இதையெல்லாம் படத்தில் பார்த்துச் செய்துவிடலாம் என்று நம்பியவர்களை அவர் நம்பவில்லை.

வந்தவர்களுக்காக ஆஸ்பத்திரியிலேயே சின்னச் சின்ன வெளியீடுகள் அச்சாயின. எந்தக் கருவி எதற்கு, எது ஏன் தோற்றது என்று எழுதிய உள்சுற்றுப் பிரதிகள். வந்தவர்கள் வெறும் கையோடு திரும்பவில்லை என்பதற்கு ஃப்ராங்க் கன்ஸ்டன் போதும். கனடாவின் வினிபெக் நகரத்துக்காரர். இடுப்பு கற்க ரைட்டிங்டன் வந்தவர், அங்கேயே முழங்காலைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். வளைந்த உலோகப் பட்டையையும் பாலிஎதிலீன் துண்டையும் சிமென்ட் வைத்துப் பொருத்தி, முழங்கால் மடங்கும் விதத்தை ஒட்டிய ஒரு மூட்டை 1968-இல் பொருத்தினார். கீல்போல ஒற்றை அச்சில் மடங்கும் பழைய முழங்கால் மூட்டுகளை விட்டு விலகிய முக்கியமான அடி அது. இடுப்பு ஆசிரியரிடம் கற்க வந்த கையிலிருந்து முழங்கால் பிறந்தது.

அட்லாண்டிக்கைத் தாண்டவும் நாளாகவில்லை. 1969 மார்ச்சில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மார்க் கவென்ட்ரி சார்ன்லி முறையில் முழு இடுப்பு மாற்றினார். ஆனால் சார்ன்லியின் கட்டுப்பாடு ஒரு பக்கம் இருக்க, வேறு வடிவங்கள் தாராளமாக விற்பனைக்கு வந்துகொண்டிருந்தன. சுவிட்சர்லாந்தில் மாரிஸ் முல்லரும், நார்விச்சில் கென்னத் மெக்கீயும் தத்தம் மூட்டுகளை உருவாக்கியிருந்தார்கள். கடைசியில் 1970-களின் தொடக்கத்தில் சார்ன்லியின் கட்டும் தளர்ந்தது. ஒரு கம்பெனியும் ஒரு மனிதரும் சேர்ந்து உலகத்துக்கே வாசலில் காவல் நிற்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். 1977-இல் சர் பட்டம், 1982-இல் மரணம்.

கட்டு தளர்ந்த பிறகு நடந்தவை அவர் பயத்துக்கு அர்த்தம் சொல்கின்றன. 1991-இல் பிரிட்டனில் வந்த ‘3எம் கேபிடல்’ இடுப்பு, சார்ன்லியின் வடிவத்தை ஒட்டியது, விலையும் குறைவு. 4,700 பேர் அளவுக்குப் பொருத்தப்பட்ட பின் எதிர்பாராத வேகத்தில் இளகத் தொடங்கியது, 1998-இல் அபாய அறிவிப்பு வந்தது. அதற்குப் பின் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாகச் செயற்கை மூட்டுகளை எழுதிவைக்கும் தேசியப் பதிவேடு 2003-இல் தொடங்கியது. 2010-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்ட ஏஎஸ்ஆர் உலோக இடுப்பை விற்ற டெப்யூ கம்பெனிதான், 1990-இல் தாக்ரேயை வாங்கியிருந்த கம்பெனி. காசு கொடுத்தாலும் தராத கடையின் வாரிசு உலகெங்கும் 93,000 பேருக்கு அதை விற்றுவிட்டது. அதில் இந்தியர்களும் உண்டு. இந்த இரண்டு மூட்டுகளிலும் கோளாறு பொருளிலேயே இருந்தது, பயிற்சி மட்டும் அதைத் தடுத்திருக்காது. ஆனால் புதிய மூட்டைக் கொஞ்சம் பேர் கையில் வைத்துப் பல ஆண்டு பார்த்துவிட்டுப் பரப்பு என்ற சார்ன்லியின் பொறுமை அங்கே இல்லை.

நம் ஊருக்கும் இந்தப் பாதையில் ஒரு கிளை உண்டு. ரைட்டிங்டனிலிருந்து அதிக தூரமில்லாத லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் எம்.சிஎச். ஆர்த்தோ பட்டம் ஒரு தலைமுறை இந்திய எலும்பு மருத்துவர்களின் கனவாக இருந்தது. சென்னையிலிருந்தும் போய் வந்தவர்கள் உண்டு. இந்தியாவில் மூட்டு மாற்றின் முன்னோடிகளில் பம்பாயின் கே.டி. தோலக்கியா பெயர் தவறாமல் வரும். ஆனால் இங்கே வந்த நோயாளி லங்காஷயர் நோயாளி இல்லை. அங்கே வயதானவர்களுக்கு இடுப்பு தேய்ந்தது. இங்கே அதிகம் தேய்வது முழங்கால். இடுப்பு மாற்ற வருபவர்களில் பலர் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் கருகிப்போனவர்கள், முதுகெலும்பு இறுகும் வாதம் வந்த இளைஞர்கள். 30 வயதில் பொருத்தும் மூட்டு 70 வயதிலும் தாக்குப்பிடிக்க வேண்டும். போதாததற்குத் தரையில் சம்மணமிட்டு உட்காரும் ஊர், குத்தவைத்துக் கழிப்பறை போகும் ஊர். எந்தக் கோணத்தில் பந்து நழுவும் என்று ரைட்டிங்டன் புத்தகத்தில் இருப்பது இங்கே அப்படியே செல்லாது.

மூன்று வருட எம்.எஸ். ஆர்த்தோ படிப்பில், அதுவும் அரசு மருத்துவக் கல்லூரியில், பிஜி மாணவர் ராத்திரி முழுக்கப் பார்ப்பது பைக் விபத்தில் முறிந்த கால்களைத்தான். மூட்டு மாற்றில் அவருக்குப் பெரும்பாலும் ரிட்ராக்டர் பிடிக்கும் வேலை. அதனால்தான் தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி. ஆர்த்ரோபிளாஸ்டி, கோவை, சென்னை, புனே, மும்பை ஆஸ்பத்திரிகள் நடத்தும் ஆறு மாத, ஓராண்டு ஃபெலோஷிப்கள் எல்லாம் இங்கே நிரம்பி வழிகின்றன. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் வந்தபின் அரசு ஆஸ்பத்திரியிலும் முழங்கால் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. 2017-இல் முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. சாதாரண கோபால்ட் குரோம் மூட்டு 54,720 ரூபாய் என்றானது. கேட்டு வருபவர்கள் கூடினால் மாற்றத் தெரிந்தவர்களும் கூட வேண்டுமே.

ஃபெலோவின் லாக்புக்கைப் புரட்டினால் வளர்ச்சி தெரியும். முதல் பக்கங்களில் ‘பார்த்தது’, ‘உதவியது’. நடுவில் ‘மேற்பார்வையில் செய்தது’. கடைசிப் பக்கங்களில்தான் ‘தானே செய்தது’. ஆனால் இடம் தேடும் இளம் மருத்துவர்கள் சீனியர்களிடம் முதலில் விசாரிப்பது அந்த எண்ணிக்கையை அல்ல. அங்கே ரிவிஷன் எத்தனை வருகிறது என்பதை. இன்னொருவர் பொருத்திய மூட்டு இளகியோ சீழ் பிடித்தோ வரும்போது, தொடை எலும்புக் குழிக்குள் இறுகிப்போன பழைய சிமென்டைச் சிறு உளிகளால் துண்டு துண்டாக உடைத்தெடுக்க வேண்டும், எலும்பில் விரிசல் விழாமல். அந்த வேலை மணிக்கணக்காகும். முதல்முறை பொருத்துவதைக் கற்றுத்தரும் ஆஸ்பத்திரிகள் இப்போது பல ஊர்களில் உண்டு. ரிவிஷன் வாரந்தோறும் வரும் ஆஸ்பத்திரிகள் தமிழ்நாட்டில் இன்னும் குறைவு, அங்கே ஒரு இடம் கிடைக்க ஒரு வருடம் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.