எல்லைச் சாவடியும் ஈயக் கலனும்: அணுப்பொருள் கடத்தல் தடுப்புப் பயிற்சியின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

அணுப்பொருள் கடத்தலைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அணுகுண்டையும் அரசுகளையும் நடுவாகக் கொண்டவை. எல்லைச் சாவடியில் வண்டிகளைச் சோதிக்கும் சுங்க அலுவலருக்கு அவற்றில் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது. எனினும், 1990களில் நிகழ்ந்த பறிமுதல்களைக் கூர்ந்து நோக்கின், ஒரு பறிமுதல் பயனுள்ளதாவதும் பயனற்றுப் போவதும் அவ்வலுவலர் முதல் ஒரு மணி நேரத்தில் செய்வனவற்றைப் பொறுத்தே அமைந்தமை புலனாகிறது. அவருக்கான பயிற்சி எவ்வாறு உருப்பெற்றது, அப்பயிற்சி கருவியைக் கையாளும் முறையோடு நின்றுவிடாமல் தடயத்தைக் காக்கும் முறையாகவும் ஏன் விரிவடைந்தது என்பவற்றைச் சில நிகழ்வுகளின் வழி ஈண்டு ஆராய்வோம்.

சோவியத் ஒன்றியம் 1991ஆம் ஆண்டின் இறுதியில் சிதைந்தபோது, அணுப்பொருளைக் காக்கும் வேலிகளும் கணக்கேடுகளும் ஒருசேரத் தளர்ந்தன. மாஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள பொடோல்ஸ்க் நகரின் லூச் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய பொறியாளர் ஒருவர், 1992ஆம் ஆண்டில் சில மாத காலத்தில் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் உயர்செறிவு யுரேனியத்தைச் சிறிது சிறிதாக வெளியே கொண்டு சென்றார். உற்பத்தியில் ஏற்படும் இழப்பென்று கணக்கில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே எடுத்ததால் எவருக்கும் ஐயம் எழவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் பொடோல்ஸ்க் தொடருந்து நிலையத்தில் அவர் பிடிபட்டதும் தற்செயலே. காவலர்கள் தேடிவந்தது மின்கலத் திருட்டில் ஐயத்திற்குரிய, அவருடன் நின்றிருந்த சிலரை. யுரேனியத்தைத் தேடுவதற்கு அக்காவலர்களுக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கலை மியூனிக் நிகழ்வு வெளிப்படுத்தியது. 1994 ஆகஸ்டு 10ஆம் நாள் மாஸ்கோவிலிருந்து மியூனிக் வந்திறங்கிய பயணிகள் விமானத்தில் 363 கிராம் புளூட்டோனியம் கைப்பற்றப்பட்டது. தொடக்கத்தில் பெருவெற்றியாகப் போற்றப்பட்ட இந்நடவடிக்கையில், பொருளை வாங்குவோராக நடித்தவர்கள் ஜெர்மனியின் உளவுத்துறையையும் காவல் துறையையும் சார்ந்தவர்களே என்பது பின்னர் வெளிவந்தது. 1995இல் ஜெர்மன் நாடாளுமன்றம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. இருக்கும் சந்தையைக் காவலர் கண்டுபிடித்தனரா, அன்றி இல்லாத சந்தையைப் பெரும்பணம் காட்டி உருவாக்கினரா என்ற வினாவே அப்போது எழுந்தது. புளூட்டோனியம் பயணிகளோடு ஒரே விமானத்தில் வந்தது என்பதை எண்ணின், அவ்வினா வெறும் சட்ட நுணுக்கம் அன்று என்பது விளங்கும்.

பயிற்சியின் வரலாற்றில் நாம் தலையாயதாகக் கருதுவது மூன்றாவது நிகழ்வாகும். 1999 மே 29ஆம் நாள், பல்கேரியாவிலிருந்து தான்யூப் ஆற்றைக் கடந்து ருமேனியா செல்லும் ரூசே எல்லைச் சாவடியில், துருக்கி நாட்டவர் ஒருவரின் கார் நிறுத்தப்பட்டது. ஓட்டுநரின் நடத்தை சுங்க அலுவலர்க்கு ஐயத்தை உண்டாக்கியது. சோதனையில் முதலில் கிடைத்தது யுரேனியம் பற்றிய தாள் ஒன்றேயாகும். அத்தாளைப் படித்து, அதன் பொருளை உணர்ந்து, தேடலைத் தொடர்ந்தமையால், காரின் பின்பெட்டியில் இருந்த காற்றழுத்தியினுள் மறைக்கப்பட்டிருந்த ஈயக் கலன் வெளிப்பட்டது. கலனுக்குள் மஞ்சள் மெழுகு. மெழுகுக்குள் கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் சில கிராம் கரும்பொடி. அது ஏறத்தாழ 72 விழுக்காடு யுரேனியம்-235 அடங்கிய உயர்செறிவு யுரேனியம் என்று ஆய்வில் தெரியவந்தது.

இங்குக் கருவியின் எல்லையை நினைவிற் கொள்ள வேண்டும். யுரேனியம்-235 வெளியிடும் முதன்மையான காமாக் கதிரின் ஆற்றல் 186 கிலோ எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. சில மில்லிமீட்டர் கனமுள்ள ஈயமே அதனைப் பெருமளவு தடுத்துவிடும். எளிதில் கண்டறியத்தக்க சீசியம்-137 போன்ற தொழில்துறைக் கதிர்மூலங்கள் குண்டு செய்ய உதவா. குண்டு செய்ய உதவும் யுரேனியமோ கருவிக்கு எளிதில் அகப்படாது. இம்முரணே மனிதரின் கண்ணையும் ஐயத்தையும் இத்துறையில் இன்றியமையாதன ஆக்குகிறது.

ரூசேயில் கைப்பற்றப்பட்ட பொருள் பின்னர் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் மாதக் கணக்கில் ஆராயப்பட்டது. பொடியை மட்டுமன்றி ஈயம், மெழுகு, தாள், கண்ணாடி என அனைத்தையும் ஆய்வாளர்கள் சோதித்தனர். மெழுகின் மஞ்சள் நிறம் பேரியம் குரோமேட்டால் ஆனது என்பது வரை கண்டறியப்பட்டது. 2001 ஜூலையில் பாரிஸிலும், 2011 ஜூனில் மால்டோவாவின் தலைநகர் கிஷினாவிலும் இதனை ஒத்த சிறு அளவு யுரேனியம் பிடிபட்டபோது, ஏறத்தாழ அதே செறிவும் ஈயக் கலனும் மீண்டும் தோன்றின. மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கசிந்தவையாக இருக்கலாம் என்ற கருத்து இவ்வொப்புமையாலேயே வலுப்பெற்றது. ரூசே அலுவலர் மெழுகைச் சுரண்டி எறிந்திருப்பாராயின், அல்லது கலனைக் கழுவித் துடைத்திருப்பாராயின், ஒப்பிடுவதற்கு எதுவும் எஞ்சியிராது. பறிமுதலின் பெறுமதி பொருளின் எடையில் இல்லை என்பதைப் பயிற்சி வகுத்தோர் இதிலிருந்து கற்றனர் எனலாம்.

முறையான பயிற்சி அதற்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், புளூட்டோனியம் உற்பத்திக்குப் பெயர்பெற்ற ஹான்ஃபோர்டு வளாகத்தை அடுத்துள்ள ஹேமர் பயிற்சி மையத்தில், 1997 முதல் வெளிநாட்டு எல்லை அலுவலர்க்கு வகுப்புகள் நடத்தப்பட்டன. ஆயுதத்திற்கு எனத் தோன்றிய ஒரு வளாகத்தின் பக்கத்திலேயே இது அமைந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1997க்கும் 2000க்கும் இடையில் ஆஸ்திரியாவின் சைபர்ஸ்டார்ஃப் ஆய்வு மையம், அனைத்துலக அணுசக்தி முகமையுடன் இணைந்து, ஹங்கேரி எல்லையிலுள்ள நிக்கல்ஸ்டார்ஃப் சாவடியில் கண்டறி கருவிகளைச் சோதித்தது. இத்தகைய கருவிகள் ஒலி எழுப்புவதெல்லாம் குற்றத்திற்காக அன்று. பொட்டாசியம் அடங்கிய உரமூட்டை, பீங்கான் ஓடு, மருத்துவமனையில் கதிரியக்க அயோடின் பெற்றுத் திரும்பும் நோயாளி எனக் குற்றமற்ற காரணங்கள் பலவாகும். நோயாளியை அச்சுறுத்தாமலும் அவமதிக்காமலும் விசாரித்து அனுப்புவதும் பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று. இடையறாது ஒலிக்கும் கருவியை அலுவலர் காலப்போக்கில் பொருட்படுத்தாது விடுவார் என்ற இடர் இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

2002இல் அணுசக்தி முகமை, உலகச் சுங்க அமைப்பு, யூரோபோல், இன்டர்போல் ஆகியவற்றோடு சேர்ந்து தடுத்தல், கண்டறிதல், எதிர்கொள்ளுதல் என மூன்று கையேடுகளை வெளியிட்டது. மூன்றாவது கையேட்டின் தலைப்பு, அறியாமல் நிகழும் இடப்பெயர்வையும் சட்டத்திற்குப் புறம்பான கடத்தலையும் வேறு பிரித்துக் கூறுகிறது. தமிழில் ‘கடத்தல்’ என்றவுடன் குற்ற நோக்கம் சொல்லுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. பழைய இரும்புச் சுமையில் எவரும் அறியாமல் கலந்துவரும் கதிர்மூலத்தைக் குறிக்க நம்மிடம் நிலைபெற்ற சொல் இல்லை. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் தகும்.

பின்னர், 2013இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பயிற்சி மையம் திறக்கப்பட்டது. அங்கு உண்மையான யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் கொண்டு பயிற்சி அளிக்கப்படுவது சிறப்பாகும். 2023 அக்டோபரில் அணுசக்தி முகமையும் சைபர்ஸ்டார்ஃபில் தனக்கென ஒரு மையத்தைத் திறந்தது. முகமையின் நிகழ்வுப் பதிவேட்டில் 1993 முதல் சேர்ந்துள்ள பதிவுகள் 4,000ஐக் கடந்துவிட்டன. அவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை குண்டுப் பொருளோடு தொடர்பற்றவை.

எஞ்சிய சிறுபான்மையே கவலைக்குரியது. 2010 மார்ச்சில் ஆர்மீனியாவின் யெரெவானிலிருந்து ஜார்ஜியாவின் திபிலிசிக்குச் சென்ற தொடருந்தில், ஈயம் பொதிந்த சிகரெட் பெட்டிக்குள் 18 கிராம் உயர்செறிவு யுரேனியம் எல்லையைக் கடந்தது. அமெரிக்க உதவியுடன் நிறுவப்பட்ட கண்டறி கருவிகள் ஒலிக்கவில்லை. பொருளைக் கொண்டுவந்த இருவரைத் திபிலிசியில் பிடித்தவர், வாங்குவோராக நடித்த ஜார்ஜியக் காவலர். மியூனிக்கில் எழுந்த அதே வினாவை இந்நிகழ்வை நோக்கியும் எழுப்பியோர் உளர். நம் கருத்தில் இரண்டும் ஒன்றல்ல. மியூனிக்கில் பொருள் விமானமேறக் காரணமாயிருந்தது காவலர் காட்டிய பணம். ஜார்ஜியாவிலோ, 2003லும் 2006லும் உயர்செறிவு யுரேனியம் ஏற்கெனவே பிடிபட்டிருந்தது. விற்க முனைவோர் அவ்வழியை முன்னரே அறிந்திருந்தனர். இவ்விரண்டுக்கும் இடையிலான கோட்டைப் பயிற்சி வகுப்பறையில் எவ்வளவு கற்பிக்க இயலும் என்பது, சட்ட வல்லுநரும் காவல் துறையினரும் இன்னும் உடன்படாத பொருளாகவே உள்ளது.