வாஷிங் மெஷின் வாங்கப் போறீங்களா? ஸ்டாரை அப்புறம் எண்ணலாம், முதல்ல லிட்டரைப் பாருங்க!

ஆடித் தள்ளுபடி பேனர் தொங்க ஆரம்பித்தாலே வீட்டில் வாஷிங் மெஷின் பேச்சு வந்துவிடும். போனில் நாலு ரிவ்யூ வீடியோ பார்ப்போம். எத்தனை கிலோ, எத்தனை ஸ்டார், இ.எம்.ஐ எவ்வளவு, கறுப்பு கலர் இருக்கா என்றெல்லாம் விசாரிப்போம். ஒரு தடவை துவைக்க அது எத்தனை லிட்டர் தண்ணி குடிக்கும் என்பதை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. நாமாகக் கேட்காவிட்டால் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

2019 ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என சென்னைக்குத் தண்ணி தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணி வந்த வருஷம். லாரிக்காகக் குடத்தோடு நின்ற வீடுகளில் மெஷினைப் போடுவதே ஆடம்பரமாகிப்போன நாள்கள் அவை. இப்போ வாங்கப் போற மெஷின் பத்து வருஷம் வீட்டில் இருக்கும். அதற்குள் இன்னொரு 2019 வராது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தோராயமாகச் சொன்னால், 7 கிலோ ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடு மெஷின் ஒரு வாஷுக்கு 100 முதல் 150 லிட்டர் வரை எடுக்கும். அதே அளவு ஃப்ரன்ட் லோடுக்கு 45 முதல் 70 லிட்டர் போதும். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் குடிநீர்த் திட்டங்களில் அரசு வைத்திருக்கும் கணக்கு. அதாவது, டாப் லோடில் ஒரு தடவை துவைத்தால் வீட்டில் ஓர் ஆளோட ஒரு நாள் தண்ணி காலி. வாரத்துக்கு 5 தடவை போடுகிற வீட்டில், ஒரு தடவைக்கு 65 லிட்டர் மிச்சம் என்று வைத்தால்கூட வருஷத்துக்கு 16,900 லிட்டர். ஒரு 12,000 லிட்டர் டேங்கர் லாரி, அதுக்கு மேலே கிட்டத்தட்ட 5,000 லிட்டர்!

இந்த வித்தியாசம் கம்பெனியைப் பொறுத்தது இல்லை, டிரம் எப்படிப் படுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. டாப் லோடில் டிரம் நிற்கிறது. துணி மிதந்து சுழல வேண்டுமென்றால் அது முழுசா தண்ணியில் முங்க வேண்டும். ஃப்ரன்ட் லோடில் டிரம் படுத்திருக்கிறது. அடியில் கொஞ்சம் தண்ணி நின்றாலே போதும். டிரம் சுற்றும்போது துணியை மேலே தூக்கிக் கீழே போடும். துவைக்கிற கல்லில் அடிச்சுத் துவைக்கிற மாதிரிதான். அலசும்போதும் இதே கதை என்பதால் மிச்சம் கூடிக்கொண்டே போகும்.

கடையில் எதைப் பார்க்கணும்?

பி.இ.இ ஸ்டார் லேபிளில் நட்சத்திரங்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் சில எண்கள் இருக்கும். ஒன்று மின்சாரத்துக்கு. இன்னொன்று ஒரு கிலோ துணிக்கு, ஒரு சுற்றுக்கு எத்தனை லிட்டர் என்பது. இந்த இரண்டாவது எண்தான் உங்க ஆளு. ஸ்டார் கிடைப்பது அந்தந்த வகை மெஷினுக்குள் ஒப்பிட்டுத்தான். அதனால் 5 ஸ்டார் டாப் லோடும் 5 ஸ்டார் ஃப்ரன்ட் லோடும் ஒரே அளவு தண்ணி குடிக்கும் என்று நினைத்துவிடாதீங்க. கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்ற எண்ணை எந்த இரண்டு மெஷினுக்கு இடையிலும் ஒப்பிடலாம். லேபிள் இல்லாவிட்டால் யூசர் மேனுவலை போனில் டவுன்லோடு செய்து பாருங்க. சேல்ஸ்மேன் வாய்க்கணக்கு வேண்டாம்.

அடுத்து கிலோ. '8 கிலோ எடுத்துக்கோங்க சார், ரேட்ல பெரிய வித்தியாசம் இல்ல' என்பார்கள். 7 கிலோ என்றால் காய்ந்த பருத்தித் துணி 7 கிலோ. பாதி டிரம் போட்டால் பாதி தண்ணிதான் எடுக்கும் என்று கிடையாது. எடையை உணர்ந்து குறைக்கிற மெஷினும் சரிபாதியாகக் குறைக்காது. அதனால், நிறையாத பெரிய மெஷினைவிட நிறைகிற சின்ன மெஷின் நல்லது. வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் இதைச் செய்ங்க: அழுக்குத் துணி மூட்டையைத் தூக்கிக்கிட்டு எடை மெஷினில் ஏறுங்க, அப்புறம் மூட்டை இல்லாமல் ஏறுங்க. கழித்தால் உங்க வீட்டுக் கணக்கு வந்துவிடும். நாலு பேர் வீட்டுக்குப் பெரும்பாலும் 7 கிலோவே தாராளம். பாட்டி, தாத்தா, போர்வை, ஸ்கூல் யூனிஃபார்ம் என்று சேர்கிற வீட்டுக்கு 8 கிலோ.

உங்க வீட்டுத் தண்ணி எப்படி வருது?

ரிவ்யூ வீடியோக்கள் இதைத் தொடுவதே இல்லை. ஃப்ரன்ட் லோடுக்குக் குழாயில் ஒரு வேகம் தேவை. மாடலைப் பொறுத்து 0.3 பாரில் இருந்து 1 பார் வரை குறைந்தபட்ச அழுத்தம் கேட்பார்கள். 10 மீட்டர் உயரத்தில் டேங்க் இருந்தால்தான் 1 பார் கிடைக்கும். நீங்கள் மேல் மாடியில், டேங்க் உங்க தலைக்கு மேலேயே இருந்தால் 0.3 பாரே இழுபறிதான். மெஷின் காத்திருந்து பார்த்துவிட்டு எரர் காட்டி நின்றுவிடும். மெஷின் வைக்கப்போகிற குழாயில் 10 லிட்டர் பக்கெட்டைப் பிடிங்க. நிரம்ப ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனால், முதலில் மேனுவலில் உள்ள அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் சின்ன பூஸ்டர் பம்ப்புக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்க.

குழாயில் தண்ணியே வராத வீடு என்றால்? ரெண்டு நாளைக்கு ஒரு முறை தெருக்குழாயில் பிடித்து டிரம்மில் நிரப்புகிற வீடுகள் எத்தனையோ. அங்கே ஃப்ரன்ட் லோடு காட்சிப்பொருள்தான். குடத்தால் ஊற்றி ஓட்டுகிற செமி ஆட்டோமேட்டிக்தான் அந்த வீட்டுக்குச் சரி. அதை 'பழைய மாடல்' என்று ஏளனமாகப் பார்க்கிறவர்கள் பேச்சை விடுங்க. தண்ணி உங்க கையில் இருக்கிற ஒரே மெஷின் அது. முதலில் வெள்ளைத் துணி, அதே சோப்புத் தண்ணியில் கலர் துணி, கடைசியில் மிதியடி என்று மூன்று ரவுண்டு ஓட்டலாம். ஆனால், அலசும்போது குழாயைத் திறந்துவிட்டு வழியவிட்டால் மிச்சம் பிடித்த அத்தனையும் போச்சு. சோப்புத் துணியை முதலில் ஸ்பின்னரில் போட்டுப் பிழிந்துவிட்டு அலசினால், பாதி அலசலிலேயே நுரை போய்விடும். அந்தத் தண்ணியைத் தூக்குகிறவர் யார் என்பதையும் யோசிங்க. பெரும்பாலும் அம்மாதான். மெஷினைத் தேர்ந்தெடுக்கும்போது அவங்களும் கடையில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் ஃப்ரன்ட் லோடு முன்னால் குனிந்து குனிந்து துணி எடுப்பது கஷ்டம். நிறைய வீடுகளில் டாப் லோடு ஜெயிப்பது இந்தக் காரணத்தால்தான், நியாயமான காரணமும்கூட. உயரமான, ஆடாத ஸ்டாண்ட் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். அதுவும் முடியாது என்றால் டாப் லோடே வாங்குங்க. ஆனால், வாட்டர் லெவலைக் கையால் மாற்றுகிற வசதி இருக்கிற மாடலாகப் பாருங்க.

போர்வெல் தண்ணியா? கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தரநிலை. வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. நாம் இன்னும் ஒரு ஸ்பூன் அதிகம் போடுவோம். அது துணியில் தங்கும். எக்ஸ்ட்ரா ரின்ஸ் பட்டனை அழுத்துவோம். தண்ணி போகிற வழி இப்படித்தான். டி.டி.எஸ் மீட்டர் கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ஹார்ட்னெஸ் டெஸ்ட் கிட் போதும், இல்லாவிட்டால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். கைத்துவைப்புப் பவுடரை ஃப்ரன்ட் லோடில் கொட்டுவது இன்னொரு தப்பு. நுரை பொங்கினால், பல மெஷின்கள் தானாகவே இன்னொரு தடவை அலச ஆரம்பித்துவிடும்.

ஓட்டும்போது...

எக்கோ புரோகிராம் மூணு மணி நேரம் ஓடுவதைப் பார்த்து, 'கரன்ட்டும் தண்ணியும் அவ்வளவும் போகுதே' என்று வீட்டில் பதறுவார்கள். உண்மை தலைகீழ். சூட்டுக்கும் தண்ணிக்கும் பதிலாக அது நேரத்தை எடுத்துக்கொள்கிறது. 15 நிமிஷ குயிக் வாஷ்தான் கிலோ கணக்கில் செலவாளி; ஒண்ணு, ரெண்டு சட்டைக்கு ஒரு முழு சுற்று.

வெளியேறுகிற தண்ணியைப் பிடிக்க நினைத்தால், கடைசி அலசல் தண்ணியைப் பிடிங்க. அடுத்த நாள் முதல் ஊறவைக்க, பாத்ரூம் கழுவ, டாய்லெட்டில் ஊற்ற உதவும். முதல் சோப்புத் தண்ணியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றாதீங்க. அதில் இருக்கும் சோடியம் மண்ணைக் கெடுக்கும்.

இன்ஸ்டால் செய்ய வருகிறவர் கிளம்புவதற்குள் ஒன்றைப் பார்த்துவிடுங்க. ஃப்ரன்ட் லோடின் டிரெயின் ஹோஸ் முனை தரையில் கிடக்கக் கூடாது, மேனுவலில் சொன்ன உயரத்தில், பொதுவாக 60 முதல் 100 சென்டிமீட்டருக்குள், மாட்டியிருக்கணும். தரையில் கிடந்தால் உள்ளே ஏறுகிற தண்ணி சைஃபன் ஆகி அப்படியே வெளியே போகும், மெஷினும் நிரப்பிக்கொண்டே இருக்கும். பக்கெட்டில் பிடிக்கிறவர்களும் உயரமான டிரம்மாக வைங்க. குழாய் பக்கம் இருக்கிற இன்லெட் ஃபில்டரை எப்படிக் கழற்றுவது என்றும் அவரிடமே கேட்டுக்கோங்க. போர்வெல் மண் அதில்தான் அடைக்கும், மாசம் ஒரு தடவை கழுவணும்.