நாயனாப் பிள்ளை: கணக்குக்கு அப்பால் ஒரு பாடாந்தரம்

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) என்றதும் சங்கீத உலகில் நினைவுக்கு வருவது ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி. பல்லவியும் கடினமான தாளக் கணக்குகளுமே அவருடைய அடையாளமாக நிலைத்துவிட்டன. இது பாதி உண்மைதான். அவருடைய இசை யாரிடமிருந்து வந்து யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று தொடர்ந்து பார்த்தால், லய வித்தகருக்குப் பின்னால் கிருதிகளின் காவலர் ஒருவரும் தெரிகிறார் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பின்புலம்

பாலாற்றங்கரை ஓரிக்கை தொடங்கி ஏகாம்பரநாதர் கோயில் வரை காஞ்சி வட்டாரம் கோயிலையும் தறியையும் நம்பி வாழ்ந்தது. கோயிலைச் சார்ந்த இசை வேளாளர் குடும்பங்களில் பெண்களே பாட்டின் முதன்மை வாரிசுகள். நாயனாப் பிள்ளையின் பெரியம்மாள் தனகோடி அம்மாள் அந்நாளில் புகழ்பெற்ற பாடகி. தங்கை காமாட்சி அம்மாளுடன் இணைந்து பாடியவர். அந்தக் காமாட்சி அம்மாளின் மகன்தான் நாயனாப் பிள்ளை. ஆகவே அவருடைய சங்கீதத்தின் முதல் ஊற்று வீட்டுப் பெண்களின் பாட்டு.

மேடை

20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் பல்லவி பாடுவதே வித்வானின் உரைகல். நாயனாப் பிள்ளை அந்தச் சோதனையைத் தமக்குத் தாமே கடுமையாக்கிக்கொண்டார். வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்களை வரிசையாக உட்கார வைத்தார்; இதுவே ‘ஃபுல் பெஞ்ச்’. கஞ்சிராவில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோலில் மன்னார்குடி பக்கிரியா பிள்ளை போன்ற ஜாம்பவான்களுக்கு நடுவே நிரவலும் கல்பனாஸ்வரமும் பாடுகிறவர் கையில் தாளம் இம்மியும் பிசகக் கூடாது. அவர் காலத்தவரான அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) பல உருப்படிகளை அளவாகப் பாடும் பத்ததியை நிலைநிறுத்தியதும் ஃபுல் பெஞ்ச் மெல்லப் பின்னுக்குப் போனது. அதன் நினைவு மட்டும் நாயனாப் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

உருப்படிகள்

அந்த நினைவு மறைத்த பக்கம் இது. ஜலதரங்கம் ரமணய்யா செட்டியாரிடம் அவர் தியாகராஜ கிருதிகளைத் திரட்டிப் பாடம் செய்தார்; காஞ்சியில் தியாகராஜ உற்சவம் நடத்தினார்; திருப்புகழையும் கச்சேரியில் பாடினார். சந்தம் மாறி மாறி வரும் திருப்புகழில் லயமும் சொல்லும் பிரிக்க முடியாதவை. அவருடைய இரண்டு நாட்டங்களும் சந்தித்த இடம் அது.

வழித்தோன்றல்கள்

அவர் குரல் இசைத்தட்டில் பதிவாகவில்லை. ஜெர்மானியப் பியானோ மேதையும் இசைக்குழு நடத்துநருமான ஹான்ஸ் ஃபான் பியூலோவின் (1830–1894) நிலையும் இத்தகையதே. 1880 முதல் 1885 வரை மைனிங்கன் அரசவைக் குழுவைப் பழக்கிய அவருடைய வாசிப்பை இன்று கேட்க வழியில்லை. அங்கு அவருக்கு உதவியாளராயிருந்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் போன்றோர் வழியாகவே அந்த மரபை உணர்கிறோம். நாயனாப் பிள்ளையையும் சீடர்கள் வழியாகவே அணுக வேண்டும்.

சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) குருவின் லயக் கட்டுமானத்தை மேடையில் தொடர்ந்தார். வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் காஞ்சியில் நாயனாப் பிள்ளையிடம் கிருதிகளைப் பாடம் செய்தனர். பதங்களுக்கும் சவுக்க காலத்துக்கும் பேர்போன வீட்டுப் பெண்கள் ‘கணக்குக்கார’ வித்வானிடம் கற்க வந்தார்கள் என்பதே அவருடைய பாடாந்தரத்தின் மதிப்புக்குச் சான்று. காஞ்சியில் பிறந்த தாமல் கிருஷ்ணசுவாமி பட்டம்மாள் (1919–2009) சிறுமியாக அவருடைய கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். ஆண்களின் களமென்று கருதப்பட்ட ராகம் தானம் பல்லவியைப் பின்னாளில் துணிந்து பாடினார். சுப்பிரமணிய பிள்ளை 1954, பட்டம்மாள் 1970, பிருந்தா 1976 என மூவரும் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றனர்.

முடிவு

பெண்களின் வீட்டுச் சங்கீதம் ஓர் ஆண் வித்வான் வழியே சபை மேடைக்கு ஏறி, மறுபடியும் பெண்களின் குரலில் நிலைபெற்றது. கணக்குப் புகழை மட்டும் பேசும் வரலாற்றில் இந்தச் சுழற்சி விடுபட்டுப் போகிறது. சுப்பிரமணிய பிள்ளை, பிருந்தா ஆகியோரின் ஒலிப்பதிவுகளில் பொதுவாயுள்ள கிருதிகளைச் சங்கதி சங்கதியாக ஒப்பிட்டால், இருவருக்கும் பொதுவான குருவின் பங்கு தெளிவாகும். நாயனாப் பிள்ளை பற்றிய அடுத்த ஆய்வு அங்கிருந்து தொடங்க வேண்டும்.