மிதிவண்டியும் பால்மரமும்

வேலைக்குச் செல்லும் எளிய மக்களுக்கு நெடுங்காலம் கைகொடுத்த ஊர்தி சைக்கிள். மிதிவண்டி எனத் தமிழில் வழங்கும் இதன் வரலாறு, மலாயாத் தமிழர் வரலாற்றோடும் பிணைந்ததாகும்.

1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பார் மரத்தாலான இருசக்கர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை இல்லை. காலால் தரையை உந்தியே செலுத்த வேண்டும். 1860-களில் பாரிசில் முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்தப்பட்டது. அடுத்து வந்த உயர்சக்கர வண்டியோ, ஓட்டுபவரைத் தலைகுப்புற வீழ்த்தவல்லது. அது துணிவுள்ள இளைஞரின் விளையாட்டாக இருந்ததேயன்றி, உழைப்பாளியின் ஊர்தியாகவில்லை.

1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' வண்டியை அமைத்தார். ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி என்னும் இன்றைய அமைப்பு அதிலேயே வந்துவிட்டது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் டயரைப் பொருத்தினார். குலுக்கல் குறைந்தது, வேகம் கூடியது. விலையும் நாளடைவில் இறங்கவே, ஆலைக்கு அருகிலேயே குடியிருக்க வேண்டிய கட்டாயம் தொழிலாளிக்குத் தளர்ந்தது.

ஆனால், டயருக்கு ரப்பர் வேண்டுமே! அமேசான் காடுகளும் ஆப்பிரிக்கக் காங்கோவும் அதனை அளித்தன. 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் உடைமையாயிருந்த காங்கோவில், ரப்பருக்காக மக்கள் பட்ட கொடுமை சொல்லுந்தரமன்று. ஒருவர் காலுக்குக் கிடைத்த விடுதலை, மற்றவர் கைக்கு விலங்காயிற்று.

டன்லப் டயர் செய்த அதே 1888-இல், எச். என். ரிட்லி சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். 1877-இல் அங்கு வந்த 22 கன்றுகளின் வழியில் வளர்ந்த மரங்களை ஆராய்ந்து, மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1896-இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் மோட்டார் வண்டி பெருகவே ரப்பரின் தேவை பன்மடங்காயிற்று. கங்காணிகள் வழியே தமிழர் ஆயிரமாயிரமாய்த் தோட்டங்களுக்கு வந்தனர். உலகத்தார் சக்கரமேறி வேலைக்குச் செல்லப் பால் எடுத்த அவர்களோ, விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் வெட்ட நடந்தே சென்றனர். சொந்தச் சைக்கிள் என்பது பின்னாளில் கைகூடிய பேறு.

இன்று சைக்கிளில் வேலைக்குச் செல்ல விரும்புவோர் பலர். எரிபொருட் செலவு மிச்சம். இதயத்திற்கும் கால்களுக்கும் நாள்தோறும் பயிற்சி. தொடங்குவோர் முதலில் ஒரு விடுமுறை நாளில் பாதையை ஓட்டிப் பார்த்தல் நன்று. தாழ்ந்து நிற்கும் மிதிகட்டையில் குதிகாலை வைத்தால் கால் நேராகும்படி இருக்கையை உயர்த்துக. பிரேக்கும் விளக்கும் செவ்வனே இருத்தல் வேண்டும். வாரத்தில் இரு நாளெனத் தொடங்கி, உடல் பழகியபின் கூட்டிக்கொள்ளலாம். புறப்படுமுன் டயருக்குக் காற்றடிக்கும்போது, அந்த ரப்பருக்காகப் பாடுபட்ட கைகளை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நம் கடன்.